‘நீங்கள் இல்லாமல் அலுவலகம் ஓடாது’ என்கிறாரா? அதை எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

எனக்கு வயது 33. ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். மட்டக்களப்பு நகரில் ஓர் அரசசார்பற்ற நிறுவனத்தில் 8 வருடமாக வேலை செய்கிறேன். நியமனக் கடிதத்தில் ‘திட்ட உதவியாளர்’ என்று இருக்கிறது. ஆனால் செய்வது முழுக்கக் கணக்கு வேலை. வவுச்சர், எங்கள் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்று, நிதி வழங்குநருக்கு அனுப்பும் மாத அறிக்கை எல்லாம் என் கையால்தான் போகின்றன. ஒப்பந்தத்தை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இதுவரை தவறியதில்லை. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன், பிறகு வெளிவாரியாகக் கலைப்பட்டம் முடித்தேன்.

ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் தகைமையைச் செய் என்று அக்கா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. எனக்கோ 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ‘நீங்கள் இல்லாமல் இந்த அலுவலகம் ஓடாது’ என்று எங்கள் பணிப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார். என் கணவர் காத்தான்குடியில் ஒரு மோட்டார் கராஜில் 14 வருடமாக மெக்கானிக். ஒரு சான்றிதழும் இல்லை, ஆனாலும் ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள். திறமை இருந்தால் போதாதா? தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம்தானே?

பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பவும் வாசித்தது கணவரைப் பற்றிய வரியைத்தான். நல்ல வாதம் அது. ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் 14 வருடம் ஒரு மனிதர் வேலையில் நிற்கிறார், அதுவும் ஆட்கள் தேடி வரும் நிலையில். அப்படியிருக்க, அனுபவமும் பட்டமும் உள்ள நீங்கள் ஏன் மறுபடியும் பரீட்சை மண்டபத்தில் போய் உட்கார வேண்டும்?

அவருடைய வேலை ஊர் பார்க்கிற வேலை. இழுத்துக்கொண்டு வந்த வான் ஓடிக்கொண்டு போகிறது. அதை வான்காரர் பார்க்கிறார், வானில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். கராஜ் நாளைக்கு மூடப்பட்டாலும் ஏறாவூரிலிருந்து கல்முனை வரை அவரை அறிந்தவர்கள் இருப்பார்கள். உங்கள் வேலையை யார் பார்க்கிறார்கள்? நீங்கள் செய்த இணக்கக் கூற்று எவ்வளவு துப்புரவாக இருந்தது என்பது உங்கள் பணிப்பாளருக்கும் வருடத்துக்கு ஒருமுறை வரும் கணக்காய்வாளருக்கும் மட்டுமே தெரியும். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நேர்முகப் பரீட்சைக்குப் போகவும் முடியாது, போகவும் கூடாது. உங்கள் நற்பெயர் அந்தக் கட்டடத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. கணவரின் நற்பெயர் இன்னும் கொஞ்சத் தூரம் போகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொழில் தகைமை என்று நாம் சொல்வது, உங்களை அறியாத ஒருவர் உங்களை நம்புவதற்கான வழி. அந்த வழியைப் போடுவதற்கு உங்களை அறிந்தவர்களின் கையொப்பம் வேண்டும், உங்களுடைய சம்பளம் வேண்டும், காலமும் வேண்டும். மூன்றும் வேலையில் இருக்கும்போது உங்களிடம் இருக்கின்றன. வேலை போனதும், காலம் ஒன்றைத் தவிர மற்றவை போய்விடும். அந்தக் காலமும் கடன்காரர் வாசலில் நிற்கும் காலமாக இருக்கும்.

இது மட்டக்களப்புக்குப் புதிய கதை அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த வருடங்களில் நீங்கள் பாடசாலைப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். நகரின் வீதிக்கு வீதி ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை, அதன் முன்னால் வெள்ளை நிறத்தில் ஒரு டபிள் கெப். கொஞ்சம் ஆங்கிலமும் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரமும் இருந்தால் போதும், அரச உத்தியோகத்தைவிட அதிக சம்பளம். 2007 இல் கிழக்கில் சண்டை ஓய்ந்ததும் மீள்குடியேற்றத் திட்டங்கள் வந்தன, பெயர்ப்பலகைகள் இன்னும் கூடின. 2010 இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கையை நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் வைத்தது. நாட்டுக்கு அது பெருமை. வாவிக்கரை அலுவலகங்களுக்கு அது வேறு செய்தி: அவசர உதவிக்கென்று வந்த பணம் வேறு நாடுகளுக்குத் திரும்பத் தொடங்கியது. பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அந்த வருடங்களில் வெளியே வந்த பலரை நேர்முகத் தேர்வுக் குழுக்களில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் திறமையில்லாதவர் குறைவு. ஆனால் கையில் இருந்தது ‘இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை எமது நிறுவனத்தில் பணியாற்றினார், அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்ற மூன்று வரிக் கடிதம். வாழ்த்தை வைத்து யாரும் ஆளெடுப்பதில்லை. அதே அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்து, மாலை வகுப்புக்குப் போய் ஏதோ ஒரு பரீட்சையை முடித்துவைத்தவரும் அதே மாதத்தில்தான் வேலையை இழந்தார். தகைமை அவருடைய வேலையைக் காப்பாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சான்றிதழ் இருந்தால் வேலை போகாது என்று சில கல்வி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. திட்டம் முடிந்தால் பட்டயக் கணக்காளரும் தேநீர் போடுபவரும் வீட்டுக்குத்தான் போகிறார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு எவ்வளவு காலம் வீட்டில் இருக்கிறார்கள் என்பதில்தான் வருகிறது. வந்த முதல் வேலையைக் கிடைத்த சம்பளத்துக்கு ஏற்க வேண்டிய நிலையா, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலையா என்பதிலும் வருகிறது.

உங்கள் திட்டத்துக்கு வருவது ஐரோப்பியப் பணமாக இருக்கலாம், ஆனால் எந்த நாட்டுப் பணமும் நிரந்தரமில்லை. 2025 ஜனவரி 20 இல் வாஷிங்டனில் கையொப்பமான ஒரே ஓர் உத்தரவால் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ஓடிய திட்டங்களில் இருந்தவர்களுக்கு முன்னறிவித்தல் என்று சொல்லும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே பிரித்தானியா தன் தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027 அளவில் 0.3 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. உங்கள் பணிப்பாளர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், நீங்கள் இல்லாமல் அலுவலகம் ஓடாமலே இருக்கட்டும். அலுவலகம் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பவர் உங்கள் பணிப்பாளர் அல்லவே.

‘தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம்’ என்பதில் உள்ள சிக்கல் கணக்குச் சிக்கல், அது உங்களுக்குப் புரியாமல் போகாது. ஏ.ஏ.ரி. மூன்று நிலைகளைக் கொண்டது. பரீட்சை வருடத்துக்கு இரண்டு தடவை. பதிவு செய்வது, முதல் பரீட்சைக்குத் தயாராவது, எழுதுவது, பெறுபேறு வரும்வரை இருப்பது, அடுத்த நிலைக்குப் போவது என்று பார்த்தால், இடையில் ஒருமுறையும் தவறாவிட்டாலும் ஒன்றரை, இரண்டு வருடம் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு தவணை தவறினால் இன்னும் ஆறு மாதம். வேலை போன பிறகு தொடங்கினால் அந்த இரண்டு வருடத்துக்கும் சோறு யார் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அரச ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியன்று எல்லாத் தகைமைகளும் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்ற வாசகம் அவற்றில் இருக்கும். ‘பரீட்சை எழுதியிருக்கிறேன், பெறுபேறு வர இருக்கிறது’ என்பவருக்கு அங்கே இடமில்லை. வயதெல்லை வேறு இருக்கும். 33 வயதில் உங்களுக்குத் திறந்திருக்கும் சில கதவுகள் 36 வயதில் மூடியிருக்கும். அறிவித்தல் வந்த பிறகு தகைமை தேடுகிறவர்கள் எப்போதும் அடுத்த அறிவித்தலுக்குத்தான் தயாராகிறார்கள்.

ஆனால் படிப்பைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நியமனம் ‘திட்ட உதவியாளர்’, வேலை கணக்கு. 8 வருட அனுபவத்தில் காகிதத்தில் ஏறியிருப்பது எவ்வளவு என்று யோசித்தீர்களா? என்னைப் போன்ற ஒருவர் முன்னால் உங்கள் விண்ணப்பம் வந்தால், நான் பார்ப்பது கணக்கு அனுபவமில்லாத ஒரு கலைப்பட்டதாரியைத்தான். நீங்கள் வாய் திறந்து விளக்குவதற்கு முதல் உங்களை நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும், அழைப்பதற்கு முதல் காகிதத்தில் ஏதாவது தெரிய வேண்டும்.

ஆகவே, படிப்பைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் சரிசெய்யுங்கள். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது பதவிப் பெயரை மாற்றிக் கேளுங்கள். ‘கணக்கு உதவியாளர்’ அல்லது ‘நிதி மற்றும் நிர்வாக உத்தியோகத்தர்’ என்று. சம்பளத்தைக் கூட்டாமல் பெயரை மட்டும் மாற்றுவதில் நிறுவனத்துக்குச் செலவில்லை, அதனால் மறுப்பதும் கடினம். மறுத்தாலும் கடமைப் பட்டியலையாவது உண்மையான வேலைக்கு ஏற்றபடி திருத்தி, திகதியிட்டு, கையொப்பம் வாங்குங்கள். வருடாந்த மதிப்பீட்டுப் படிவங்களின் பிரதி உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் கேளுங்கள், அவை உங்களைப் பற்றியவை. திட்டம் மூடப்பட்ட பிறகு கோப்புகள் கொழும்புக்கோ ஜெனீவாவுக்கோ போய்விடும். கையொப்பமிட வேண்டியவர் இன்னொரு நாட்டில் இன்னொரு வேலையில் இருப்பார். கடிதத் தலைப்பு அச்சடித்த தாள்கூட மிஞ்சாது. நிறுவனம் உயிரோடு இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடிதத்துக்காக, அது மூடிய பிறகு மாதக்கணக்காக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். பதில் வருவது அபூர்வம், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஓர் எச்சரிக்கை. சேகரிப்பது உங்களுடைய காகிதங்களை மட்டும்தான். பயனாளிகளின் பட்டியலையோ வங்கிக் கூற்றையோ ‘மாதிரிக்கு’ என்று வீட்டுக்குக் கொண்டுபோனால், அது உங்களுக்கு எதிரான சான்றாக மாறிவிடும்.

ஒப்பந்தங்களையும் எடுத்து வரிசையாக வைத்துத் திகதிகளைப் பாருங்கள். ஒன்று முடிந்த மறுநாள் அடுத்தது தொடங்குகிறதா, அல்லது இடையில் சில நாட்களை விட்டு எழுதியிருக்கிறார்களா? 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். உங்கள் 8 வருடத்துக்கு அது 4 மாதச் சம்பளம். இடையில் விட்ட நாட்களைக் காட்டி ‘தொடர்ச்சியான சேவை இல்லை’ என்று வாதிட முயல்வார்கள் என்பதால்தான் திகதிகளைப் பார்க்கச் சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிறுவனத்தின் பங்காக 12 வீதமும் மாதாமாதம் போயிருக்கின்றனவா என்பதையும் மீதிக் கூற்றில் பாருங்கள். அந்தக் கூற்று பணத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் இன்ன வருடத்தில் இன்ன இடத்தில் உண்மையாகவே வேலை செய்தீர்கள் என்பதற்கும் சாட்சி. நிறுவனம் மறைந்தாலும் அந்தப் பதிவு இருக்கும்.

இனிப் படிப்பு. அக்கா சொல்வது சரி. உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, 8 வருடம் கணக்கு வேலை செய்த ஒருவருக்கு ஏ.ஏ.ரி. பொருத்தமான முதல் படி. பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் முயற்சியில் 1987 இல் தொடங்கிய அமைப்பு அது, தனியார் ஒருவரின் டியூட்டறி அல்ல. தமிழிலும் எழுதலாம். முடித்தவர் அங்கத்துவத்துக்கு விண்ணப்பிக்கும்போது பரீட்சையோடு வேலை அனுபவத்தையும் கேட்பார்கள். அந்த அனுபவத்தை உறுதிப்படுத்த வேண்டியவர் இன்றைய பணிப்பாளர். பதவிப் பெயரைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் இப்போது விளங்கும். மேலே போக விரும்பினால் பட்டயக் கணக்காளர் படிப்பு இருக்கிறது. ஆனால் அதில் பயிற்சிக் காலம் என்பது அங்கீகரிக்கப்பட்ட இடத்தில், பதிவான பயிற்சி ஒப்பந்தத்தின் கீழ் செய்தால்தான் பயிற்சி. பதிவில்லாமல் எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தக் கணக்கில் சேராது.

ஆரையம்பதி கோவில்குளத்தில் இருக்கும் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவைப் பற்றியும் உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். நான்கு வருடப் படிப்பு, வேலையோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் உங்களுக்கு அது ஒத்துவராது.

முதுமாணிப் பட்டம் வேண்டாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். அபிவிருத்திக் கல்வியில் முதுமாணி செய்த திட்ட உதவியாளர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள், சரியாக ஓர் இணக்கக் கூற்றுத் தயாரிக்கக்கூடியவர்கள் குறைவு. ஒரு நிறுவனம் நெருக்கடியில் ஆட்களைக் குறைக்கும்போது கடைசிவரை வைத்திருப்பது கணக்குப் பார்ப்பவரைத்தான், ஏனென்றால் கடையை மூடுவதற்கும் கணக்கு முடிக்க வேண்டும். உங்கள் பலம் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பெயருக்குப் பின்னால் இன்னும் நான்கு எழுத்துகள் சேர்ப்பதற்காக இரண்டு வருட வார இறுதிகளைக் கொடுக்காதீர்கள். குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள் ஒன்றில் கை பழகி அதற்கும் ஒரு சான்று வைத்திருந்தால், முதுமாணியைவிட விரைவாகப் பலன் தரும். சிங்களம் பேச வருமானால் அதையும் பரீட்சை எழுதிச் சான்றாக்கிக்கொள்ளுங்கள். கொழும்புத் தலைமையகங்களோடு தொலைபேசியில் கணக்குப் பேசக்கூடிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு எப்போதும் இடமுண்டு.

பணத்தைக் கட்டினால் சான்றிதழ் தரும் இடங்களிடமிருந்து தள்ளியே இருங்கள். ஹோட்டல் மண்டபத்தில் அங்கியும் தொப்பியும் போட்டுப் படம் எடுத்துக்கொடுப்பதில் அவர்கள் வல்லவர்கள். இப்போது நம் ஊர்களில் கல்யாண அழைப்பிதழைப் பார்த்தால் பாதிப்பேர் கலாநிதி, மீதிப்பேர் தேசமான்ய. யார் கொடுத்தது என்று கேட்டால் கோபம் வருகிறது. தொழிற்கல்வி நிறுவனமென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பதிவு இலக்கத்தைப் பெரிதாக அச்சடித்துவிட்டு இரண்டாவதைப் பற்றி மௌனமாக இருப்பவர்கள் உண்டு. பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்ட முதல் கேளுங்கள்.

நகையை அடகு வைத்துப் படிக்காதீர்கள். எந்தப் பாடநெறிக்கும். உங்கள் திட்டத்தின் பாதீட்டை நீங்கள்தானே தட்டச்சு செய்கிறீர்கள், அதில் ‘ஊழியர் திறன் விருத்தி’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பல திட்டங்களில் இருக்கும். வருட இறுதியில் செலவழிக்காமல் மிஞ்சி, அவசரத்தில் ஒரு ஹோட்டல் பயிற்சிப் பட்டறையாக முடிந்துபோகும். அடுத்த வருடப் பாதீடு தயாராகும்போது, உங்கள் பரீட்சைக் கட்டணத்தை அந்த வரியில் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கணக்குப் பார்ப்பவர் தகைமை பெற்றால் கணக்காய்வில் நிறுவனத்துக்கு நல்ல பெயர், அதையே காரணமாகக் காட்டலாம். கிடைக்காவிட்டால் சம்பளத்திலிருந்து ஒரு தவணைக்கு ஒரு நிலை என்று மெதுவாகப் போங்கள்.

பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்று வயதுப் பிள்ளையோடு இரவு எத்தனை மணிக்குப் புத்தகம் திறக்க முடியும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கணவரும் அக்காவும் வாரத்தில் எந்த இரண்டு மாலைகளைப் பொறுப்பெடுப்பார்கள் என்பதை, பதிவுப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். ‘படி, பார்த்துக்கொள்ளலாம்’ என்பது உதவி ஆகாது. கிழமையும் நேரமும் சொன்னால்தான் உதவி.

ஒரு சின்ன விடயம், ஆனால் இந்த மாவட்டத்தில் நிறையப் பேரைக் கவிழ்த்தது: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, சாதாரண தரப் பெறுபேற்றில் மூன்றாவது. இடம்பெயர்வில் பதிந்த பிறப்புகள், அலை கொண்டுபோன மூலப் பத்திரங்களுக்குப் பதிலாக அவசரத்தில் எடுத்த பிரதிகள் என்று நம் பக்கத்தில் இதற்குக் காரணங்கள் ஏராளம். ஆங்கிலத்தில் உங்கள் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே மேசையில் பரப்பிப் பாருங்கள். ஏ.ஏ.ரி. பதிவில் எந்தப் பெயர் விழுகிறதோ அதுதான் பிறகு சான்றிதழிலும் வரும். பிழையிருந்தால் மாவட்டப் பதிவாளரிடமும் பரீட்சைத் திணைக்களத்திடமும் திருத்திக்கொள்ளலாம். மாதக்கணக்கில் இழுபடும் வேலை அது, வேலையில் இருக்கும்போது லீவு போட்டுச் செய்யலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள், அலுவலக மின்னஞ்சலில் அல்ல.

இப்போது உங்கள் கணவர். அவருடைய நற்பெயர் கல்முனை வரை போகும் என்றேன். டோஹாவுக்கோ துபாய்க்கோ அது போகாது. கொழும்பில் ஒரு பெரிய வாகனக் கம்பனியின் வேலைத்தளத்துக்கும் போகாது. இன்றைக்கு அவருக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு அதற்கு முந்திய வருடம் அந்த எண்ணம் இருந்தது? அந்த வருடம் வெளிநாடு போக முடிவெடுத்த பிறகு தொழிற் சான்றிதழுக்காக அலைந்தவர்களில் அவரைப் போன்ற கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருந்தார்கள்.

அவருக்கு வழி உங்களுடையதைவிடச் சுலபம். என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழில் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. கைத்தொழிலாளருக்கு உரியவை முதல் நான்கு. வகுப்புக்கே போகாமல், செய்து பழகிய அனுபவத்தை மதிப்பீடு செய்து தகைமை வழங்கும் முறை அதில் இருக்கிறது, ஆர்.பி.எல். என்று கேட்டால் அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள். நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மட்டக்களப்பு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர்கள் அவருடைய அனுபவச் சான்றுகளைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், வேலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள். 14 வருடம் எஞ்சினுக்குள் கை வைத்தவருக்கு மூன்றாவது பயமில்லை. அவரைப் போன்றவர்கள் தடுமாறுவது முதலாவதில்தான். எனவே முதலாளியிடம் ஒரு கடிதம் வேண்டும், எந்தெந்த வகை வாகனங்களில் என்னென்ன வேலை செய்தார் என்று விபரமாக. வேலை செய்யும்போது சில படங்கள் எடுத்து, திகதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்பை நீங்கள் தயாரித்துக் கொடுங்கள், கணக்கு வேலை பார்க்கும் மனைவி வீட்டில் இருப்பதன் பயன் வேறெதற்கு? நேரம் குறைவென்றால் உங்கள் ஏ.ஏ.ரி. பதிவுக்கு முன் அவருடைய விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், அது விரைவில் முடியக்கூடியது.

பணிப்பாளரிடம் கடிதம் கேட்பதற்குத் தயங்குவீர்கள். ‘வேறு வேலை தேடுகிறாளோ’ என்று நினைப்பாரே என்ற தயக்கம். ஏ.ஏ.ரி. பதிவை அதற்குக் காரணமாகச் சொல்லுங்கள், பொய்யும் இல்லை. வாசகத்தையும் நீங்களே தயாரித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் மூன்று வரி வாழ்த்துத்தான் வரும். எந்த வருடத்திலிருந்து கணக்கு வேலை, எந்த மென்பொருள், ஒரே நேரத்தில் எத்தனை நிதி வழங்குநரின் கணக்கு, எந்தெந்த வருடக் கணக்காய்வுகளுக்குக் கோப்புத் தயாரித்தீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். நீங்கள் இல்லாமல் அலுவலகம் ஓடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்பவர் இவற்றை மறுக்கமாட்டார். கையொப்பத்துக்குக் கீழே அவருடைய பதவியோடு சொந்த மின்னஞ்சலையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அலுவலக முகவரி திட்டத்தோடு சேர்ந்து மூடப்பட்டுவிடும்.